கர்லூ ஏர்வேஸின் கடைசிப் பயணி

தான் வேலை பார்க்கும் விமானக் கம்பெனி மூடப்படப் போகிறது என்பதை நுவாலா ஹெனகன் மருந்துக் கடைக்குப் போகிற வழியில் தெரிந்துகொண்டாள். கில்மோரன் என்ற அந்தச் சின்ன ஊரின் கடைத்தெருவில் மருந்துக் கடைக்கு அடுத்தது மக்கில்லிகன் பந்தயக் கடை. அதன் கண்ணாடியில் வழக்கமாகக் குதிரைகளின் பெயர்கள்தான் இருக்கும். அந்த வருடம் 'நடப்புச் செய்திகள்' என்று ஒரு புதுப் பிரிவு தொடங்கியிருந்தார்கள். அடுத்த போப் எந்த நாட்டுக்காரர், மீன்வளத் துறை மந்திரி ராஜினாமா செய்வாரா, கிறிஸ்துமஸ் அன்று பனி விழுமா என்ற வரிசையில், மந்திரிக்கும் பனிக்கும் நடுவே இப்படி எழுதியிருந்தது: 'கர்லூ ஏர்வேஸ் அக்டோபர் கடைசி வெள்ளி மாலை ஆறு மணிக்குள் மூடப்படும். ஒன்றுக்கு எட்டு.' அதாவது, மூடும் என்று ஒன்று கட்டியவருக்கு, மூடினால் எட்டு கிடைக்கும்.

நுவாலா மருந்து வாங்காமலே திரும்பிவிட்டாள்.

கர்லூ ஏர்வேஸிடம் விசிறி வைத்த சின்ன விமானங்கள் மூன்று இருந்தன. மூன்றாவதன் உறுப்புகளைக் கழற்றித்தான் மற்ற இரண்டும் பறந்துகொண்டிருந்தன. நுவாலா இருபது வருடத்துக்கு மேலாக அங்கே பெட்டிகளை எடை போட்டாள், சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள், பிறகு கதவருகே ஓடிப்போய் அதே ஆட்களை வாசலில் நின்று வழியனுப்பினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது ஊரே அவளைச் சூழ்ந்துகொண்டது.

"உள்ள என்ன நெலவரம், நுவாலா? கட்டலாமா?"

"எனக்கென்ன தெரியும்?"

"பாத்தியா, வாயத் தொறக்க மாட்டேங்குறா. அப்ப நிச்சயம்தான்," என்று சொல்லிவிட்டு அவர்கள் நேரே பந்தயக் கடைக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை அவள் விமான நிலைய மேலாளர் பர்ட்டி கேஃப்னியிடம் கேட்டாள். பர்ட்டி நல்ல மனிதர். மேலிடம் சொல்வதை ஒரு வார்த்தை குறையாமல் கீழே சொல்வதும், கீழே சொல்வதை மேலே சொல்லாமல் விடுவதுமே அவருடைய வேலை.

"மேலிடத்துலருந்து உத்தரவு வந்திருக்கு. ஊழியர் யாரும் அந்தக் கண்ணாடியப் பாக்கக் கூடாது."

"மருந்துக் கடை அந்தப் பக்கம்தானே இருக்கு?"

"முகத்தத் திருப்பிட்டுப் போ."

"அப்ப மூடப் போறது உண்மையா, பர்ட்டி?"

"எனக்கு எப்படித் தெரியும்? நானும்தான் பாக்கக் கூடாதே."

வேலை போவதைப் பற்றி நுவாலா பெரிதாகக் கவலைப்படவில்லை. அவளுடைய கவலை கடலுக்கு அப்பால் பர்மிங்ஹாமில் இருந்தது. தம்பி கோல்மன் இளவயதில் கட்டட வேலைக்கென்று அங்கே போனவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிமெண்டுத் தூசி நுரையீரலை முடித்துவிட்டது. இப்போது கடைசிக் காலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் படுத்திருந்தான். ஊழியர்களுக்குக் காலி இருக்கை இலவசம் என்பதால் நுவாலா வெள்ளிக்கிழமை தோறும் வேலை முடிந்த கையோடு சீருடையிலேயே விமானம் ஏறிவிடுவாள். ஞாயிறு திரும்புவாள்.

"உன் கம்பெனி ஆறுக்கு வந்துடுச்சு, தெரியுமா?" என்று அந்த வாரம் கோல்மன் வரவேற்றான். கோல்மனுக்கு எதன் மேலும் பந்தயம் கட்டுகிற பழக்கம் உண்டு.

"இங்க கூடவா போட்டிருக்கான்?"

"போன்லயே வருதே. நானும் கொஞ்சம் போட்டிருக்கேன்."

"எந்தப் பக்கம்?"

"மூடாதுங்குற பக்கம். மூடிட்டா நீ எப்படி வருவ?"

"கப்பல்ல வருவேன்."

"கப்பல்ல ஏறுனா நீ வாந்தி எடுப்ப. அப்புறம் என்னை விட்டுட்டு உன்னப் பாக்கத்தான் பாதி வழிக்கு ஆள் அனுப்பணும்."

"நீ கட்டுனது எது ஜெயிச்சிருக்கு, சொல்லு பாப்போம்."

"ஒண்ணும் இல்ல. நான் கட்டுன போப் எல்லாம் பிஷப்பாவே செத்துப் போனாங்க." அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகு நேரமாயிற்று. அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்ததும் நுவாலா உத்தரவை மீறினாள். நேரே பந்தயக் கடைக்குள் போய்விட்டாள். அன்று டப்ளினிலிருந்து நடப்புச் செய்திப் பிரிவின் தலைவர் லார்கன் ப்ரெண்டர்காஸ்ட் வந்திருந்தார். மெல்லிய குரல்காரர். இழவு வீட்டில் பேசுவது போலவே எங்கும் பேசுவார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மூடுவாங்களா, மாட்டாங்களா?"

"அம்மா, நாங்க யாரையும் மூழ்கடிக்கிறது இல்ல. ஜனங்க மனசுல இருக்கிற பயத்துக்கு ஒரு விலை போடுறோம், அவ்வளவுதான். விலை போடாத பயம் ரொம்ப ஆபத்தானது. இந்த வருஷ ஆரம்பத்துல இந்த ஊர் ஆஸ்பத்திரியில பிரசவ வார்டு மூடப் போறாங்கன்னு முதல்ல சொன்னது யாரு? அரசாங்கமா? நாங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணுங்க எல்லாம் எங்க கண்ணாடியப் பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டாங்க. அது ஒரு சேவை. அதுல எங்களுக்கு நல்ல லாபமும் வந்துது, அது வேற விஷயம்."

"எங்களுக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டேங்குறாங்க சார். அதான் உங்ககிட்ட வந்தேன்."

ப்ரெண்டர்காஸ்ட் பரிவோடு தலையசைத்தார். பிறகு கல்லாவில் இருந்த கிரான்யா என்ற பெண்ணிடம் திரும்பி, "ஊழியர்களுக்கே எதுவும் சொல்லப்படலையாம். ரேட்ட நாலாக்கு," என்றார்.

நுவாலா வாசலைத் தாண்டுவதற்குள் கண்ணாடியில் ஆறு போய் நான்கு வந்துவிட்டது. ரேட் இறங்க இறங்க மூடுவது நெருங்குகிறது என்று அர்த்தம். அந்த இரண்டு புள்ளிகளுக்குத் தானே காரணம் என்று அவளுக்கு அன்று முழுதும் சோறு இறங்கவில்லை.

நான்கு என்றதும் பயணிகள் சீட்டை ரத்து செய்யத் தொடங்கினார்கள். அதனால் அது மூன்றாயிற்று. மூன்றானதும் நிர்வாக இயக்குநர் டெஸ்மண்ட் லாலர் ஊழியர்களைச் சந்திக்க வந்தார். அவர் டப்ளினிலிருந்து காரில் வந்தார். உறுப்புகள் கழற்றப்பட்ட மூன்றாவது விமானத்தின் நிழலில் எல்லோரும் நின்றார்கள்.

"ஒரு விமானத்தத் தூக்குறது எஞ்சின்னு நெனைக்கிறீங்க," என்று லாலர் தொடங்கினார். "சிலர் றெக்கைன்னு நெனைக்கிறீங்க. ரெண்டும் இல்ல. நம்பிக்கை. கர்லூ ஏர்வேஸுக்கு நோய் எதுவும் இல்ல. அந்தக் கண்ணாடிதான் நோய். அந்த ரேட்ட மேல ஏத்திட்டா நாம பொழைச்சோம். அதனால நிர்வாகம் ஒரு நம்பிக்கை நிதி தொடங்குது. உங்க இந்த மாசச் சம்பளத்த, கம்பெனி மூடாதுங்குற பக்கம், உங்க சார்பா நாங்களே கட்டப் போறோம்."

விமான நிலையத்து டீக்கடையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியை கான்செப்டா கையை உயர்த்தினாள். "எங்க சம்பளத்தையா சார்?"

"உங்க நம்பிக்கையம்மா. சம்பளம்ங்குறது அதோட வெளி வடிவம். எண்ணெய் கம்பெனிக்குக் குடுக்க வேண்டியதையும் சேத்துதான் கட்டுறோம். எதையும் ஒதுக்கி வைக்கல."

"உங்க சம்பளமும் அதுல உண்டா சார்?"

"நான் சம்பளம் வாங்குறதில்ல. ஆலோசனைக் கட்டணம் வாங்குறேன். அதுக்கு நம்பிக்கை தேவைப்படாது."

கம்பெனி பணம் மொத்தமாகப் போய் விழுந்ததும் ரேட் எகிறியது. பத்து, பதினைந்து, இருபத்தைந்து. 'கர்லூ பிழைத்தது' என்று வாரப் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. மீன்வளத் துறை மந்திரி வந்து விமான வடிவில் செய்த கேக்கை வெட்டினார். முதல் வெட்டே இறக்கையில் விழுந்தது. பத்திரிகைக்காரர்கள் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் படமெடுத்தார்கள். இந்த அரசாங்கம் நாட்டின் மேற்குக் கடற்கரையைக் கைவிடாது என்றார் மந்திரி. அவருடைய சொந்த ராஜினாமா ரேட் அன்று காலை ஒன்றுக்கு ஒன்றில் இருந்தது.

அந்த அக்டோபரின் கடைசி வெள்ளிக்கிழமை காலை, பராமரிப்பு இல்லத்து நர்ஸ் நுவாலாவைக் கூப்பிட்டாள்.

"எப்பவும் வர்ற ப்ளேன்லதான் வர்றீங்களா?"

"ஆமா, ரெண்டு மணிக்கு."

"வந்துடுங்க. எதுக்காகவும் தள்ளிப் போடாதீங்க."

நுவாலா எல்லாப் பெட்டிகளையும் எடை போட்டு, எல்லோரையும் ஏற்றிவிட்டு, கடைசியாகத் தானும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பர்ட்டி கதவைச் சாத்தவில்லை. எண்ணெய் லாரிக்காகக் காத்திருந்தார்கள். லாரி வந்தது, ஆனால் வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. போன மாதப் பணம் வரவில்லை, வந்தால்தான் ஊற்றுவேன் என்று டிரைவர் இறங்கி நின்று சிகரெட் பற்றவைத்தான். அந்தப் பணம் மக்கில்லிகன் கடையில், கம்பெனி மூடாது என்ற பக்கத்தில் இருந்தது.

லாலர் விமானத்துக்குள் ஏறி வந்தார். முகத்தில் கவலையே இல்லை.

"பயணிகளே, சின்னத் தாமதம். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் நாம சேவையில இருந்தா நம்ம பந்தயம் ஜெயிக்குது. ஜெயிச்ச பணம் உடனே எண்ணெய் கம்பெனிக்குப் போகுது. ஆறேகாலுக்கு நாம வானத்துல. பந்தய விதிப்படி விமானத்துல பயணி இருந்தா சேவை நடக்குதுன்னு அர்த்தம். அதனால தயவு செஞ்சு யாரும் எறங்காதீங்க. அதோ பாருங்க, வேவு பாக்குறாங்க."

வேலிக்கு அப்பால், மழையில், ப்ரெண்டர்காஸ்ட் தொலைநோக்கியோடு நின்றிருந்தார். பறவை பார்க்க வந்தவர் போலிருந்தார்.

கான்செப்டா டீ கொண்டுவந்தாள். கால்பந்து பார்க்கப் போகிறவர்கள் முதலில் எழுந்தார்கள். ஆட்டம் தவறினால் லாலரா திருப்பித் தருவார் என்று கேட்டுவிட்டு இறங்கினார்கள். குழந்தைகளோடு வந்தவர்கள் அழுகைச் சத்தம் தாங்காமல் போனார்கள். நான்கு மணிக்கு மேல் நுவாலாவையும் ஒரு பாதிரியாரையும் தவிர யாரும் இல்லை. பிறகு பாதிரியாரும் அவளுக்கு ஆசி கூறிவிட்டு இறங்கினார்.

லாலர் அவள் இருக்கைக்கு அருகில் குனிந்தார். "நீங்க எறங்கிட மாட்டீங்களே?"

"எனக்கு பர்மிங்ஹாம் போகணும் சார்."

"அதான் வேணும். அந்த மனசுதான் வேணும்."

விமானி டூமி முன்னால் தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். நடுக் கதவு திறந்திருந்தது. அவருக்கும் போவதற்கு இடமில்லை. நுவாலாவின் போன் அடித்தது.

"பேசுறீங்களா? அவர் காதுல வைக்கிறேன்," என்றாள் நர்ஸ். பிறகு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கோல்மன்.

"எங்க இருக்க?"

"ப்ளேன்லடா."

"கெளம்பிடுச்சா?"

நுவாலா ஜன்னல் வழியே பார்த்தாள். பர்ட்டி குடையோடு நனைந்துகொண்டு நின்றார். லாரி டிரைவர் வண்டிக்குள் ஏறித் தூங்கிவிட்டிருந்தான்.

"கெளம்பிடுச்சு."

"போன் பேச விடுறாங்களா?"

"நான் ஸ்டாஃப் இல்லையா. விடுவாங்க."

"கீழ என்ன தெரியுது?"

வாரா வாரம் பார்த்த வழிதான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஏரி தெரியுது. தீவெல்லாம் சின்னச் சின்னதா இருக்கு. இப்ப கரிச்சேத்து நிலம், அடுப்பெரிக்க வெட்டி அடுக்கியிருக்காங்க. ஷானன் ஆறு கரை வழிஞ்சு வயல்ல நிக்குது. இந்த மழைக்கு நிக்காதா பின்ன."

"ம்."

"ஊருங்க வருது. ரோட்டுல விளக்குப் போட்டுட்டாங்க. தூங்குறியா?"

"இல்ல. சொல்லு. கடல் வந்துடுச்சா?"

"இப்பதான். ஒரு கப்பல் போகுது. மேலருந்து பாத்தா நகராத மாதிரி இருக்கு."

"நல்ல வேளை," என்றான் கோல்மன், "நீ அதுல வரல."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. மூச்சு மட்டும் வந்தது; விட்டு விட்டு வந்தது. நுவாலா நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். கடல் முடிந்தது, வேல்ஸ் கரை வந்தது, மலை தெரிந்தது, மலை உச்சியில் மேகம் ஒட்டிக்கொண்டிருந்தது. நர்ஸின் குரல் குறுக்கே வந்தது.

"போயிட்டாரும்மா. உங்க பேச்சக் கேட்டுக்கிட்டேதான் போனாரு."

நுவாலா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கான்செப்டா இன்னொரு டீ கொண்டுவந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டுப் போனாள். டீ ஆறியது. ஆறு மணிக்கு லாலர் கைதட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஜெயிச்சுட்டோம். இதோ எண்ணெய் வந்துடும். உங்கள முதல் ஆளா எறக்கிவிடுறோம்."

"வேணாம் சார்," என்றாள் நுவாலா. "நான் எறங்கிக்கிறேன்."

எண்ணெய் வரவில்லை. விமானத்தில் இருந்தது பயணியே இல்லை என்று ப்ரெண்டர்காஸ்ட் ஆட்சேபம் எழுப்பிவிட்டார். கர்லூ ஏர்வேஸ் அதன் பிறகு பறக்கவில்லை. நுவாலா கப்பலில் போனாள். வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். பழைய கட்டடத் தொழிலாளிகள் சிலர் வந்து நின்ற சின்ன அடக்கத்தை முடித்துவிட்டுத் திரும்பினாள். வந்த கையோடு அவளைப் பந்தயக் கடையின் தீர்ப்புக் குழு அழைத்தது.

கில்மோரன் ஹோட்டலில் கல்யாணம் நடக்கும் கூடத்தில் குழு கூடியது. நடுவில் ப்ரெண்டர்காஸ்ட், ஒரு பக்கம் ஓய்வு பெற்ற நீதிபதி, இன்னொரு பக்கம் குதிரைப் பந்தய வர்ணனையாளர். முன்வரிசையில் லாலர். பின்னால் ஊழியர்கள் எல்லோரும். கேள்வி ஒன்றுதான்: ஆறு மணிக்கு விமானத்தில் இருந்தது பயணியா, இல்லையா? பயணி என்றால் பந்தயம் ஜெயித்தது, எல்லோருக்கும் சம்பளம் உண்டு.

வாசலில் பர்ட்டி அவளைத் தனியே ஒதுக்கினார்.

"தம்பி போனத நர்ஸ் எப்பச் சொன்னாங்கன்னு உனக்கு நெனைவிருக்காது, நுவாலா. அந்த மாதிரி நேரத்துல யாருக்கு நெனைவிருக்கும்? ஆறு மணிக்கு மேல இருக்கும், இல்லையா?"

உள்ளே நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சீருடையில இருந்தீங்களா?"

"இருந்தேன் சார்."

"பணம் குடுத்து வாங்குன சீட்டா?"

"ஸ்டாஃப் சீட்டு."

"அதனால மட்டும் பயணி இல்லன்னு சொல்லிட முடியாது," என்றார் நீதிபதி. "பயணிங்குறது யாரு? போகணும்ங்குற நோக்கம் உள்ள ஆள். சீட்டுலயும் சீருடைலயும் எதுவும் இல்ல, நோக்கத்துலதான் இருக்கு. உங்க நோக்கம் என்ன?"

"தம்பியப் பாக்க."

ப்ரெண்டர்காஸ்ட் முன்னால் சாய்ந்தார். "உங்க இழப்புக்கு மக்கில்லிகன் நிறுவனத்தோட ஆழ்ந்த வருத்தம். அது பதிவாகட்டும். தம்பி காலமானது எத்தனை மணிக்கு?"

நுவாலா திரும்பிப் பார்த்தாள். கான்செப்டா கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பர்ட்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு மேல் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் அன்றைக்கு அவனுக்காக ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. அவனை வைத்து இன்னொரு பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"அஞ்சு மணி ஆகல சார்."

கூடத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"அதுக்கப்புறமும் ஒரு மணி நேரம் உக்காந்திருந்தீங்க. எதுக்கு?"

"எந்திரிக்கத் தோணல."

"அதாவது எங்கயும் போற நோக்கம் இல்ல."

"இல்ல சார். எங்க போறது?"

நீதிபதி குறித்துக்கொண்டார். மூவரும் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். தீர்ப்பை ப்ரெண்டர்காஸ்ட் வாசித்தார்: ஐந்து மணியிலிருந்து விமானத்தில் பயணி எவரும் இல்லை, உட்கார்ந்திருந்த ஒரு நபர் மட்டுமே இருந்தார், எனவே கர்லூ ஏர்வேஸ் குறித்த நேரத்துக்குள் மூடப்பட்டதாகக் கருதப்படும். "துக்கத்தை நாங்க மதிக்கிறோம்," என்று அவர் முடித்தார். "அதனாலதான் அத இவ்வளவு துல்லியமா கணக்குல எடுத்துக்கிட்டோம்." லாலர் எழுந்து போய் அவர் கையைக் குலுக்கினார். அடுத்த மாதமே மக்கில்லிகன் கடையில் விமானப் பிரிவுக்கு ஆலோசகரானார். மீன்வளத் துறை மந்திரி ராஜினாமா செய்யவில்லை.

ஊழியர்கள் யாரும் இனித் தன் முகத்தில் விழிக்க மாட்டார்கள் என்றுதான் நுவாலா நினைத்தாள். ஞாயிறு மதியம் கதவு தட்டப்பட்டது. கான்செப்டா ஒரு தட்டு நிறைய சாண்ட்விச்சோடு நின்றாள். அவள் பின்னால் பர்ட்டி, தொப்பியைக் கையில் பிடித்தபடி. அப்புறம் விமானி டூமி. எல்லோருக்கும் பின்னால், உள்ளே வரலாமா என்று தெரியாமல், எண்ணெய் லாரி டிரைவர். ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்து, "உன் கஷ்டத்துக்கு வருத்தம், நுவாலா," என்றார்கள். சம்பளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பர்ட்டி மட்டும், "வாசல்ல அப்படிக் கேட்டிருக்கக் கூடாது," என்றார். அவள் அவருக்கு டீ ஊற்றினாள்.

"நாங்க யாரும் அவனப் பாத்ததே இல்லையே," என்றாள் கான்செப்டா. "எப்படிப்பட்ட ஆளு?"

நுவாலா சொன்னாள். சிரிக்க வேண்டிய இடங்களில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சொல்லி முடித்தாள். டூமி கோப்பையைக் கீழே வைத்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"அன்னிக்கு நீ பேசுனது எனக்குக் கேட்டுச்சு," என்றார். "கதவு தெறந்துதான் இருந்துச்சு."

நுவாலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வழி சரியா சொன்ன. வேல்ஸ் மலைகிட்ட நிறுத்திட்ட."

"அதுக்கு மேல கேக்க ஆளில்ல."

"அங்க நிறுத்தக் கூடாது. மேகம் இருக்கும், ப்ளேன ஆட்டும்." அவர் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். "மலையத் தாண்டுனா அமைதியாயிடும். அப்புறம் செவர்ன் ஆறு வரும். வளைஞ்சு வளைஞ்சு கெடக்கும். அங்கருந்து எறக்க ஆரம்பிக்கணும். மெதுவாத்தான். வயலு, செம்மறி ஆடுங்க, அப்புறம் பழைய ஃபாக்டரிச் சுவருங்க. வெளிச்சம் ஒண்ணு ரெண்டா வந்து, திடீர்னு மொத்தமா வரும். மழை ஓஞ்சிருக்கும். ஓடுபாதை நேரா தெரியும். காத்து கொஞ்சம் எடது பக்கம் தள்ளும், பிடிச்சுக்கணும்."

லாரி டிரைவர் கடித்த சாண்ட்விச்சை மெல்லாமல் வைத்திருந்தான்.

"சக்கரம் தரையத் தொட்டுச்சு," என்றார் டூமி. "சத்தமே இல்ல. எறங்கிட்டோம், நுவாலா."

தீர்ப்புக் குழுவின் முன்னால்கூட அழாத நுவாலா அப்போதுதான் அழுதாள்.